படம் பிடித்தவருக்குப் பங்கு என்ன?

ஒரு காலத்தில் கோடம்பாக்கத்து எடிட்டிங் அறைகளில் 'ஸ்டாக் ஷாட்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். கதாநாயகன் பம்பாய்க்குப் புறப்படுகிறான். அவனுக்காக ஒரு ரயிலை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் படம் பிடிக்கப் பட முதலாளிக்கு வசதி ஏது? யாரோ, எப்போதோ எடுத்து வைத்த ரயில் காட்சியை நடுவில் ஒட்டிவிடுவார்கள். இடியும் மின்னலும், கடல் அலையும், ஆகாய விமானம் தரையில் இறங்குவதும் இப்படித்தான் படத்துக்குப் படம் வந்து போயின. அந்த ரயிலைப் படம் பிடித்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர் இல்லை.

இன்று அந்த ஸ்டாக் ஷாட் உலகம் முழுவதும் நடக்கும் வியாபாரமாகிவிட்டது. விளம்பரப் படம் எடுப்பவருக்கு நாற்று நடும் காட்சி பத்து விநாடி தேவைப்படுகிறது. அதற்காக அவர் காமிராவையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போவதில்லை. அறையில் உட்கார்ந்தபடியே இன்டர்நெட் கடையில் தேடுகிறார். பிடித்ததைப் பணம் கட்டி எடுத்துக்கொள்கிறார். கடை நியூயார்க்கில் இருக்கும். வாங்குபவர் லண்டனில் இருப்பார். காட்சியை எடுத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருப்பார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

கல்யாண சீசன் முடிந்ததும் அலமாரியில் தூங்கும் காமிராவை எடுத்துத் துடைத்து, இந்தக் கடைகளுக்குக் காட்சி அனுப்ப முனைந்திருக்கும் இளைஞர்கள் நம் ஊர்களிலும் உண்டு. நல்ல காரியந்தான். உழைப்பவன் கைக்கு நாலு காசு வருவதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அன்று எடிட்டிங் அறையில் யாரும் கேட்காத கேள்வியை இன்று இவர்கள் கேட்டே ஆகவேண்டும். படம் பிடித்தவருக்குப் பங்கு என்ன?

பழைய சரக்குக்குப் புது மதிப்பு

எடுத்து வைத்த காட்சிக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத் தமிழ்நாட்டுக்கு முதலில் எடுத்துக் காட்டியவர் கோட்டையூர் ஏ.கே. செட்டியார். மகாத்மா காந்தியைப் பற்றி அவர் தயாரித்த டாக்குமெண்டரி படம் 1940-இல் வெளிவந்தது. அதற்காக அவர் நாடு நாடாக அலைந்தார். காந்திஜியைப் பல வருஷங்களாகப் பல பேர் எடுத்திருந்த பிலிம் சுருள்கள் எங்கெங்கோ கிடந்தன. அவற்றைத் தேடிப் பிடித்து, கேட்டு வாங்கித் தொகுத்தார். அந்தச் சுருள்களை எடுத்தவர்கள் எடுத்தபோது அவை ஒரு நாளைய செய்தி. செட்டியார் கைக்கு வந்தபோது அவை சரித்திரம்.

இங்கிலாந்தில் பாத்தே கம்பெனி 1910 முதல் 1970 வரை செய்திப் படங்களைத் தயாரித்தது. சினிமாக் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடி மறையும் துண்டுப் படங்கள் அவை. அந்தக் களஞ்சியத்தை வைத்திருப்பவர்கள் 2014-இல் சுமார் 85,000 படங்களை யூடியூபில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றினார்கள். பார்க்கத்தான் இனாம், எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால் அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டும்.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழி விட இரண்டு கைகளையும் தூக்குவது போலப் பழைய பாலம் திறந்ததையும், அதன்மேல் ரயில் ஊர்ந்து போனதையும் இனி எவராலும் படம் பிடிக்க முடியாது. கோடி ரூபாய் காமிரா இருந்தாலும் முடியாது. அன்று அதை நன்றாக எடுத்து வைத்தவர் கையில் இருப்பது திரும்பக் கிடைக்காத சொத்து.

இந்தியச் சட்டப்படி சினிமாப் படத்துக்குக் காப்புரிமை, அது வெளியானதற்கு அடுத்த வருஷம் தொடங்கி 60 வருஷங்கள். தென்னம்பிள்ளை நட்டவன் பேரன் காலத்திலும் இளநீர் குடிக்கலாம் என்பது போல, இதுவும் நீண்ட நாள் சொத்துத்தான். சொத்து என்று வந்துவிட்டால் பத்திரத்தைப் படிக்க வேண்டாமா?

கிரயமா, குத்தகையா?

இந்த வியாபாரத்தில் இறங்கும் பலர் "வீடியோ விற்கிறேன்" என்கிறார்கள். அந்தச் சொல்லிலேயே பிசகு தொடங்குகிறது. பெரும்பாலான கடைகளில் நடப்பது கிரயம் அல்ல, குத்தகை. நிலம் படம் பிடித்தவருடையது. கடைக்காரர் தரகர். வாங்குபவர் குறித்த விதத்தில் அனுபவிக்க அனுமதி பெறுகிறார். அந்த அனுமதிக்குத்தான் லைசென்ஸ் என்று பெயர். ஒருவருக்குக் கொடுத்த காட்சியை மறுநாள் இன்னொருவருக்கும் கொடுக்கலாம். நூறு பேருக்கும் கொடுக்கலாம். நெல்லை விற்றால் களம் காலியாகிவிடும். இந்தச் சரக்கு விற்க விற்கக் குறைவதில்லை.

லைசென்ஸிலும் பல ஜாதி உண்டு. 'ராயல்டி ஃப்ரீ' என்பது ஒன்று. பெயரைக் கேட்டதும் இனாம் என்று எண்ணிக் கலங்கியவர்கள் உண்டு. வாங்குபவர் ஒரு தடவை பணம் கட்டிவிட்டு, ஒப்பந்த எல்லைக்குள் பல தடவை பயன்படுத்தலாம், தடவைக்குத் தடவை ராயல்டி கட்ட வேண்டாம் என்பதே அதன் பொருள். இன்னொன்று, எந்த நாட்டில், எத்தனை நாளைக்கு, எந்தக் காரியத்துக்கு என்று கணக்குப் பார்த்து விலை பேசுவது. அதில் விலை அதிகம், வாங்குபவர் குறைவு. மூன்றாவது, செய்திக்கும் கல்விக்கும் மட்டும் பயன்படுத்தலாம், விளம்பரத்துக்குக் கூடாது என்று கட்டுப்படுத்துவது.

இவற்றோடு ஒரு கேள்வி எப்போதும் கூட வரும்: "எங்கள் கடைக்கு மட்டுந்தான் கொடுப்பீர்களா?" ஒரே கடைக்கு என்று எழுதிக் கொடுத்தால் பங்கு சற்றுக் கூடலாம். ஆனால் அந்தக் கடை படுத்துவிட்டால் கொடுத்தவரும் கூடவே படுக்க வேண்டியதுதான்.

முழுக் கிரயம் பாவம் என்று சொல்வதற்கில்லை. சார்லஸ் ஓரியர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1996 ஜனவரியில் கலிபோர்னியாவில் காரில் போகும்போது, பச்சைப் பசேலென்ற ஒரு குன்றையும் அதன்மேல் நீல வானத்தையும் படம் எடுத்தார். அதை ஸ்டாக் படக் கம்பெனியிடம் கொடுத்து வைத்திருந்தார். 2000-த்தில் மைக்ரோசாப்ட் கம்பெனி அதன் உரிமை முழுவதையும் விலைக்கு வாங்கிற்று. விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டரைத் திறந்தவர்கள் எல்லோரும் பார்த்த படம் அதுதான். மூலப் பிலிமின் மதிப்பைக் கேட்டதும் தபால் கம்பெனிகள் அதை எடுத்துச் செல்லத் தயங்கின. ஓரியரே விமானத்தில் கொண்டு போய்க் கொடுத்தார். அவர் விற்றது தெரிந்தே விற்றது. நல்ல விலைக்கு விற்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கேரல் ஹைஸ்மித் என்ற புகைப்படக்காரர், அமெரிக்கப் பாராளுமன்ற நூலகத்துக்குத் தம் படங்களைப் பொது மக்கள் உபயோகத்துக்காக வழங்கியிருந்தார். பிறகு ஒரு நாள், அவர் எடுத்த படத்தையே அவர் பயன்படுத்தியதற்கு 120 டாலர் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. அவர் கொதித்தெழுந்து 2016-இல், தம் படங்களுக்குக் கட்டணம் வாங்கி வந்த பெரிய கம்பெனி ஒன்றின்மீது நூறு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். காப்புரிமைக் கோரிக்கையைக் கோர்ட்டு தள்ளிவிட்டது. பொதுவில் தானம் செய்த பிறகு உரிமை பேச இடமில்லை. தானம் உயர்ந்ததுதான், ஆனால் தானம் எது, குத்தகை எது, கிரயம் எது என்பது கையெழுத்துப் போடும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

தரகர் குறைந்தார், தரகு கூடிற்று

2000-த்தில் கானடாவின் கால்கரி நகரில் ஐஸ்டாக் தோன்றிற்று. 2003-இல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக் வந்தது. 2006-இல் வீடியோவுக்கென்றே பாண்ட்5 வந்தது. பாண்ட்5 கடையில் தொடக்க காலத்தில் விலையைப் படம் பிடித்தவரே வைத்தார். விற்றதில் பாதி அவருக்கு. கடைகள் பல, போட்டி பல. அதனால் படம் பிடித்தவர் சொல்லுக்கும் சற்று மரியாதை இருந்தது.

பிறகு பெரிய மீன் சின்ன மீனை விழுங்கத் தொடங்கிற்று. 2006-இல் ஐஸ்டாக்கை கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2015-இல் ஃபோட்டோலியா என்ற கடையை அடோபி 80 கோடி டாலருக்கு வாங்கி அடோபி ஸ்டாக்கைத் தொடங்கிற்று. 2022-இல் பாண்ட்5 கடையை ஷட்டர்ஸ்டாக் 21 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாகச் சேரப் போவதாக அறிவித்தன. பத்துத் தரகர் உள்ள சந்தையில் விவசாயி பேரம் பேசலாம். இரண்டு பேர் மட்டும் நின்றால் அவர்கள் சொன்னதுதான் விலை. இது வாழைக்காய் மண்டியில் உள்ள எவருக்கும் தெரிந்த கணக்கு.

அந்தக் கணக்கு எப்படி வேலை செய்யும் என்பதை 2020 காட்டிற்று. அந்த வருஷம் ஜூன் 1 முதல் ஷட்டர்ஸ்டாக் தன் பங்கு முறையை மாற்றியது. ஆறு படிகள்; கீழ்ப்படியில் இருப்பவருக்கு நூற்றுக்கு 15, மேல்படிக்கு 40. அந்த வருஷத்தில் எத்தனை லைசென்ஸ் போகிறதோ அதைப் பொறுத்துப் படி ஏறலாம். இதிலாவது சமாதானம் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் எல்லோரும் மறுபடி முதல் படிக்கே இறங்கிவிட வேண்டும் என்றார்களே, அதற்கு என்ன சமாதானம்? பத்து வருஷம் சரக்குக் கொடுத்தவரும் நேற்று வந்தவரும் பொங்கலுக்கு முன் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். உலகெங்கும் பலர் கண்டித்தார்கள்; சிலர் தம் சரக்கு முழுவதையும் கடையிலிருந்து இறக்கி வைத்தார்கள். முறை மாறவில்லை.

கையில் என்ன வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காட்சி 20 டாலருக்குப் போயிற்று என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 15 வீதம் வருவது 3 டாலர். அடோபி ஸ்டாக் வீடியோவுக்கு அறிவித்த பங்கு நூற்றுக்கு 35. அதன்படி 7 டாலர். ஒரே காட்சி, ஒரே உழைப்பு, கடைதான் வேறு. இதற்கு மேல் வரி. அமெரிக்காவில் வாங்குபவரிடமிருந்து வரும் ராயல்டிக்கு அந்நாட்டு வரியைக் கடைக்காரரே பிடித்துக்கொள்வார். டபிள்யூ-8பென் என்ற பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால், இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வரி உடன்படிக்கைப்படி நூற்றுக்கு 15 மட்டும் பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் 30. ஒரு பாரத்தை நிரப்பச் சோம்பினால் பிடிக்கும் வரி இரட்டிப்பு. அங்கே பிடித்த வரியை இங்கே வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளவும் வழி உண்டு. ஆடிட்டரைக் கேட்டால் சொல்வார்.

ஆகவே இதை மாதச் சம்பளமாக நினைத்து உத்தியோகத்தை விட்டுவிடுவது விவேகமல்ல. நூறு காட்சியில் தொண்ணூறு தூங்கும், பத்து ஓடும். தோப்பு வைத்தவன் முதல் வருஷமே காயை எண்ணுவதில்லை. இது தோப்பு வருமானம்; துணை வருமானம்.

காகிதம் இல்லாத காட்சி

வருமானம் காமிராவில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் புது லென்ஸுக்குக் கடன் வாங்குகிறார்கள். வருமானத்தில் பாதி காகிதத்தில் இருக்கிறது. காட்சியில் ஒருவர் முகம் தெரிந்தால், விளம்பரத்துக்கு அதைக் கொடுக்க அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். குழந்தையானால் பெற்றோர் கையெழுத்து. தனியார் வீடு, கடை என்றால் சொந்தக்காரர் சம்மதம். சட்டையில் கம்பெனி முத்திரை தெரிந்தாலும் விளம்பரப் பிரிவில் கடை ஏற்காது.

பாரிஸ் ஈபில் கோபுரத்தைப் பகலில் எடுத்துத் தாராளமாகக் கொடுக்கலாம். இரவில் எடுத்தால் கூடாது. 1985 முதல் அதற்குச் செய்திருக்கும் விளக்கு அலங்காரம் ஒரு கலைஞரின் படைப்பாகக் கருதப்பட்டு, அதற்குத் தனி உரிமை உண்டு. இரும்புக்கு இல்லாத உரிமை வெளிச்சத்துக்கு இருக்கிறது! நம் ஊரிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்களில் வியாபாரப் படப்பிடிப்புக்குத் தொல்பொருள் இலாகாவின் அனுமதி வேண்டும். 2021-ஆம் வருஷத்து ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வியாபாரத்துக்காகப் பறக்க விடுபவர் அதற்குரிய சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்.

கல்யாண வீடியோக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் சினிமாப் படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையேல், எடுக்கச் சொன்னவரே முதல் சொந்தக்காரர். தாலி கட்டும் காட்சி எவ்வளவு அழகாக விழுந்திருந்தாலும் அது பெண் வீட்டார் சொத்து. அல்லது பிள்ளை வீட்டார் சொத்து. "நான் எடுத்தது, நான் விற்பேன்" என்று கிளம்பினால் வம்பு வந்து சேரும். அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் தொல்லை இல்லை. மண்டபத்து வாசலில் கோலம், நாதசுர வித்துவானின் விரல்கள், பந்தியில் இலை போடுவது — இவற்றை இன்னின்ன விதமாகப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே இரு தரப்பும் பேசிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நாதசுரக்காரர் சம்மதமும் அதில் சேர்த்தி. அவர் விரலுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டல்லவா?

அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு இன்னொரு பாதுகாப்புத் தருகிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று குறிக்காவிட்டால் 5 வருஷம் என்றும், எந்த இடம் என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். படைத்தவர் ஏமாளியாக இருந்தாலும் சட்டம் கொஞ்சம் விழித்திருக்கிறது. ஆனால் வெளிநாட்டுக் கடைகளின் ஒப்பந்தம் வெளிநாட்டுச் சட்டத்தைத் தழுவி எழுதப்படுகிறது. காலமும் இடமும் அதில் விலாவாரியாகக் குறித்திருக்கும். 'சம்மதம்' என்ற கட்டத்தைத் தட்டுவதற்கு முன் அதைப் படிக்காதவருக்கு எந்தச் சட்டமும் துணை வராது.

இயந்திரத்துக்குப் பாடம்

இப்போது ஒரு புதுப் பிரச்சினை முளைத்திருக்கிறது. காட்சிகளை வாங்குவது மனிதர் மட்டுமல்ல. செயற்கை அறிவு இயந்திரங்களுக்குப் பாடம் சொல்லித் தருவதற்கும் வாங்குகிறார்கள். நாற்று நடும் காட்சி ஆயிரத்தைக் காட்டினால், பிறகு இயந்திரமே வயல் இல்லாமல், ஆள் இல்லாமல் ஒரு நாற்று நடவைக் காட்டுகிறது. ஓபன்ஏஐ கம்பெனிக்கு ஷட்டர்ஸ்டாக் 2021 முதல் சரக்குக் கொடுத்தது. 2023 ஜூலையில் இதை ஆறு வருஷ ஒப்பந்தமாக நீட்டினார்கள். அதில் படம் பிடித்தவர்களுக்குப் பங்கு தர 2022-இல் ஒரு நிதி தொடங்கப்பட்டது. அடோபி 2023-இல் தன் ஃபயர்ஃப்ளை இயந்திரத்துக்குத் தன் கடைச் சரக்கைக் கொண்டே பாடம் சொல்லித் தந்தது. பிறகு படம் கொடுத்தவர்களுக்கு ஒரு போனஸ் வழங்கிற்று. மனிதர் நடப்பது, சிரிப்பது போன்ற சாதாரணக் காட்சிகளை நிமிஷத்துக்குச் சராசரி சுமார் 3 டாலர் வீதம் அது வாங்குவதாக 2024 ஏப்ரலில் செய்தி வந்தது.

பணம் கொடுக்கவே இல்லை என்று இவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்காமல் எடுத்துக்கொள்பவர்களைவிட இவர்கள் மேல். ஆனால் குத்தகைக்கு விட்ட நிலத்தில் நெல் விளைவிப்பது வேறு. மண்ணையே வெட்டி எடுத்துச் செங்கல் சூளைக்கு ஏற்றுவது வேறு. முதல் வகையில் அடுத்த போகம் உண்டு. இரண்டாவது வகையில் அடுத்த போகத்துக்கு நிலமே மிஞ்சுமா என்பது சந்தேகம். 2010-இல் கையெழுத்துப் போட்டவர் விளம்பரத்தையும் செய்தியையும் மனத்தில் வைத்துத்தான் போட்டார். தம்முடைய இடத்தில் உட்காரப் போகும் இயந்திரத்துக்குத் தாமே வாத்தியார் ஆவோம் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அதற்குத் தனிச் சம்மதமும் தனி விலையும் கேட்பது எப்படிப் பேராசையாகும்?

கடைக்காரர் சொல்வது

கடைக்காரர்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. லட்சக்கணக்கான காட்சிகளைப் பத்திரப்படுத்த வேண்டும். உலகம் முழுவதும் வாங்குபவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். திருட்டு நடந்தால் வக்கீல் வைக்க வேண்டும். பணத்தை எண்ணி, வரி பிடித்து, கடல் தாண்டி அனுப்ப வேண்டும். கிராமத்து இளைஞர் ஒருவர் லண்டன் விளம்பரக் கம்பெனியின் கதவைத் தாமே தட்டியிருந்தால் காவல்காரரைத் தாண்டியிருப்பாரா? "இஷ்டமிருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் கொடுக்க வேண்டாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே!" என்றும் அவர்கள் கேட்கலாம்.

தரகு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தரகுக்கு ஓர் அளவு உண்டு என்பதுதான் வாதம். இருபது டாலரில் பதினேழு தரகருக்கு, மூன்று சொந்தக்காரருக்கு என்றால் அதைத் தரகு என்று எந்த ஊர் அகராதி சொல்லும்? கட்டாயம் இல்லை என்பதும் அரை உண்மை. கடைகள் ஒன்றில் ஒன்று கரைந்து வரும்போது, "வேண்டாம்" என்று சொல்லும் சுதந்திரம் பட்டினி கிடக்கும் சுதந்திரமாகிவிடும்.

செய்ய வேண்டியது

படம் பிடிப்பவர் தம் வரையில் செய்யக்கூடியவை சில உண்டு. தக்க விலை இல்லாமல் ஒரே கடைக்கு என்று எழுதிக் கொடுக்காமல், நாலு கடையில் சரக்கை வைப்பது. மூலத்தைத் தம்மிடமே இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துவது. சம்மதக் கடிதங்களை நகைப் பெட்டியைப் போல் காப்பது. எந்தக் காட்சி, எந்தக் கடை, எவ்வளவு வந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருவது. உலகம் முழுவதும் எடுக்கும் சூரிய அஸ்தமனத்தை விட்டு, இங்கே மட்டும் எடுக்க முடிந்ததை எடுப்பது. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருவதையும், திருப்பூர் பனியன் தொழிலையும், அதிகாலைக் கோலத்தையும் இயந்திரம் கற்பனை செய்து காட்டலாம். ஆனால் உப்பு வாருபவரின் கையும் காலும் அசையும் விதத்தை அங்கே நின்று எடுத்தவர்தான் காட்ட முடியும். இடத்தின் பெயரையும், தேதியையும், செய்யும் தொழிலையும் சரியாகக் குறித்து வைத்த காட்சிக்கு நாளைக்கு மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது. எது உண்மை, எது போலி என்று உலகம் திண்டாடப் போகும் காலத்தில், "இது நடந்தது, இன்ன நாளில், இன்ன ஊரில் நடந்தது" என்று சொல்லக்கூடிய காட்சியே பொன்னாகும்.

தனி மனிதரால் ஆகாதவையும் உண்டு. பங்கை மாற்றுவதற்கு முன் போதிய முன்னறிவிப்பு, இயந்திரப் பாடத்துக்குத் தனிச் சம்மதம், எந்தக் காட்சி எவ்வளவுக்குப் போயிற்று என்ற தெளிவான கணக்கு — இந்த மூன்றையும் கூட்டாகக் கேட்டால்தான் கிடைக்கும். இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. சினிமாப் பாட்டு எழுதியவர்களும் இசை அமைத்தவர்களும் ஒரு காலத்தில் ஒரே கையெழுத்தில் எல்லா உரிமையையும் கொடுத்துவிட்டு நின்றவர்கள்தான். அவர்கள் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். 2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. சினிமாக் கொட்டகைக்கு வெளியே பாட்டுப் பயன்படும்போது வரும் ராயல்டியில் சமபங்கு அவர்களுக்கு உண்டு. வாரிசுகளுக்கும் உரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு எவருக்கும் அதை விட்டுக்கொடுக்க முடியாது என்று சட்டமே சொல்லிற்று. பாட்டுக்கு முடிந்தது காட்சிக்கு ஏன் முடியாது?

காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் வரப்பில் நடக்கும் இளைஞரின் முயற்சியைக் கெடுப்பது யாருடைய நோக்கமும் அல்ல. அவர் தாராளமாகப் போகட்டும், நன்றாக எடுக்கட்டும், உலகத்துக்குக் காட்டட்டும். ஆனால் தாம் கூலிக்காரர் அல்ல, நிலத்துக்குச் சொந்தக்காரர் என்பதை மறவாமல் போகட்டும். சொந்தக்காரர் விழித்திருக்கும் ஊரில்தான் தரகர் தராசை நேராகப் பிடிப்பார்.